கழன்றிருந்தது

இருபத்து நாலு என்று வைத்தாலும்
பதினெட்டைவிட்டு ஏறமாட்டேன் என்கிறதாம் வண்டி.
கத்திரி வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓட்டிவந்தார்
எஸ்தர் ராஜபூஷணம், பல் டாக்டர், வில்லிவாக்கம்.
கதவைத் திறந்து இறங்கியதும்
அவருடைய மூக்குக்கண்ணாடியில் பனி பூத்தது.

கம்பெனி சர்வீஸில் பேனலையே மாற்றச் சொன்னார்களாம்.
பத்தொன்பதாயிரம். வரி தனி.
"சென்ஸார் செத்துப்போச்சுங்கறாங்க."
நாடி பார்க்காமல் நான் எதையும் புதைப்பதில்லை.

கொளத்தூரில் என் கடைக்கு இந்தப் பக்கம் மீன் கடை,
அந்தப் பக்கமும் மீன் கடை.
ஷகீல் பாயின் தங்கமீன் தொட்டியிலிருந்து
தெர்மாமீட்டர் ஒன்றைக் கடன் வாங்கித்
துடைத்து, மறுபடி துடைத்து
(ஈரமிருந்தால் அது குளிரைக் கூட்டிச் சொல்லும்)
இரண்டு சீட்டுக்கும் நடுவே தொங்கவிட்டேன்.
கதவைச் சாத்திப் பத்து நிமிடம்
நானும் டாக்டரும் பேச ஒன்றுமில்லாமல்.
மீன் கணக்கில் பதினெட்டு.
ஸ்கேனர் கணக்கில், அதே வண்டிக்குள், முப்பத்தாறு.

ஸ்டியரிங் பக்கத்தில் சின்னதாக ஒரு சல்லடை.
அதற்குப் பின்னால் மிளகளவு மணி.
கழற்றி மீட்டரின் சிவப்பையும் கறுப்பையும் கொடுத்தேன்.
என் விரல் சூட்டுக்கு ஆயிரத்தைந்நூறு ஓம்.
ஜூஸ் கடை ஐஸ்கட்டிக்கு ஆறாயிரத்தைத் தாண்டி ஓடியது.
சூடு ஏறினால் தான் இறங்கும், குளிர்ந்தால் ஏறும்,
அப்படித்தான் அதன் பிறப்பு.
"சொத்தை இல்ல டாக்டர். நல்ல பல்லு."
"எங்ககிட்டயும் வருவாங்க," என்றார்.
"கீழ்ப்பல் வலிக்குதும்பாங்க.
மேல்பல் அழுகியிருக்கும்."

மணியைத் திரும்ப மாட்டிச்
சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டை
சல்லடைமேல் வைத்தேன்.
ஒட்டவேண்டும். உள்ளே காற்று இழுக்கவேண்டும்.
விழுந்தது.
எடுத்து வைத்தேன். விழுந்தது.

டேஷ்போர்டைப் பிரித்து டார்ச் அடித்தால்
மடிப்பு மடிப்பான கறுப்புக் குழாய்
வாய் விட்டுத் தொங்குகிறது.
ஆறு மாதமாக இந்த மணி
ஆள் உட்காரும் இடத்தின் காற்றைக் குடிக்கவே இல்லை.
பிளாஸ்டிக்கின் முதுகுப்புறத்தில் தேங்கிய புழுக்கத்தைச்
சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு பாகை பிசகாமல்.
அதை நம்பிக் குளிரைக் கொட்டியிருக்கிறது வண்டி.

குழாய்க்குப் பக்கத்தில் ஒயர்க் கொத்து.
அதில் பச்சை டேப்.
கறுப்பு டேப் தீர்ந்துபோன அன்று நான் சுற்றியது.
ஆயுதபூஜைக்கு முந்தின நாள், வாசலில் ஏழு வண்டி,
ரிவர்ஸ் கேமராவுக்குத் திரை மாட்டும் அவசரம்.
கை போகாத இடத்தில்
எதையோ முட்டித் தள்ளியது போல ஒரு ஞாபகம்.

டாக்டர் குனிந்து பார்த்தார். "என்ன ஆச்சு?"
"ட்யூப் கழண்டிருக்கு."

தமிழில்தான் எவ்வளவு வசதி.
கழன்றது, உடைந்தது, கொட்டிவிட்டது.
ஆள் இல்லாமலே நடந்து முடிந்துவிடுகின்றன
எல்லாமும்.

குழாயைச் செருகினேன். இரண்டு நிமிட வேலை.
பஸ் டிக்கெட் ஒட்டிக்கொண்டு ஓரம் படபடத்தது.
ஸ்கேனர் மளமளவென்று இறங்கிவந்தது,
மீன் தெர்மாமீட்டர் நிதானமாக ஏறிவந்தது,
இருபத்து நாலில் சந்தித்துக்கொண்டார்கள்.
டாக்டர் ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"எவ்வளவு?"
"ஒண்ணும் வேணாம்."
"ஏன்?"
நன்றியில் கேட்கிற ஏன் இல்லை அது.
ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நிற்கிற கை.

"கழட்டுனது நான்தான்," என்றேன்.
"போன ஆயுதபூஜைக்கு."

வெளியே ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது.
ஸ்வெட்டரை மடித்தார்.
பிரித்து, மறுபடி மடித்தார்.
"அந்த தெர்மாமீட்டரைக் கொண்டுபோய்க் குடுங்க," என்றார்.
"மீன் காத்துக்கிட்டிருக்கும்."